வங்கி வாங்கப் போய் ஹோட்டல் வாங்கியவர் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹில்டன் ஹோட்டல்களைத் தொடங்கிய அமெரிக்கர் கான்ராட் ஹில்டனை ஹோட்டல்காரர் என்பதா, ரியல் எஸ்டேட் வியாபாரி என்பதா? எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது.

பதில்: என்னைக் கேட்டால், முதலில் இடத்தின் அருமை தெரிந்தவர், அப்புறம்தான் ஹோட்டல்காரர். 1887-ல் நியூ மெக்சிகோவில் சான் அன்டோனியோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா கடை வைத்திருந்தார். 1907-ல் பண நெருக்கடி வந்தபோது வீட்டு அறைகளையே வாடகைக்கு விட்டார்கள். ஆனாலும் மகனின் ஆசையெல்லாம் வங்கி நடத்துவதில்தான்.

1919-ல் டெக்சஸ் மாநிலத்தின் சிஸ்கோவில் ஒரு வங்கியை விலை பேசினார். 75,000 டாலர் என்றவர்கள் கடைசி நேரத்தில் 80,000 என்று ஏற்றிவிட்டார்கள். வெறுத்துப்போய், தூங்க இடம் கிடைக்குமா என்று மோப்லி ஹோட்டலுக்குள் நுழைந்தார். பக்கத்தில் எண்ணெய் கண்டுபிடித்திருந்த நேரம், முன்கூடம் முழுக்க ஆட்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள், ஒரே படுக்கையை எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று ஒரு நாளில் மூன்று பேருக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் உரிமையாளருக்கோ எண்ணெயில் பணம் போட ஆசை, ஹோட்டலைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தார். ஹில்டன் 40,000 டாலருக்குப் பேசி முடித்தார். அதில் அவருடைய சொந்தப் பணம் 5,000 டாலர்தான்.

வாங்கியதும் முதல் வேலையாகச் சாப்பாட்டுக் கூடத்தை எடுத்துவிட்டுப் படுக்கைகள் போட்டார். நீளமாகக் கிடந்த வரவேற்பு மேசையைப் பாதியாகக் குறைத்து, மிச்ச இடத்தில் பத்திரிகை விற்பனைக்கு ஒரு கடை. முப்பது வருடம் கழித்து, 1949-ல், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல் கைக்கு வந்தபோதும் இதையேதான் செய்தார். அங்கே முன்கூடத்தில் இருந்த பெரிய தூண்கள் கட்டடத்தைத் தாங்கவில்லை, உள்ளே வெறும் கூடு என்று தெரிந்ததும் அவற்றைக் கண்ணாடி அலமாரிகளாக்கி நகை, வாசனைத் திரவியக் கடைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். தூணைப் பார்த்து இது சும்மா நிற்கிறதே என்று எத்தனை பேருக்குத் தோன்றும், சொல்லுங்கள்! உங்கள் வீட்டு வாக்குவாதத்துக்கு இந்தத் தூணே போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: கையில் பெரிய முதல் இல்லாமல் இவ்வளவு கட்டடங்களை எப்படிப் பிடித்தார்?

பதில்: குத்தகை, கடன், தொழில் கூட்டாளிகள். 1925-ல் தன் பெயரோடு முதலில் திறந்த டல்லாஸ் ஹோட்டலுக்கு நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார், அந்தக் குத்தகையைக் காட்டியே கடனும் வாங்கினார். கட்டும்போது பணம் தீர்ந்துவிட்டது. நேரே நிலக்காரரிடமே போய் நின்றார், அவரே கட்டி முடித்து இவருக்கு வாடகைக்கு விட்டார்! வெயில் கொளுத்தும் மேற்குப் பக்கத்தில் தங்கும் அறைகளே கிடையாது, லிஃப்டையும் அழுக்குத்துணி இறக்கும் குழாயையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். இந்த இடத்தில் அவர் நல்ல ஹோட்டல்காரரும்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கடன் சும்மா விடுமா? 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் கொடுத்தவர்கள் ஹோட்டல்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் அவருடைய ஹோட்டலில் பெட்டி தூக்கும் ஒரு பையன் தன் சேமிப்பு 300 டாலரை, சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையில் கொடுத்தானாம். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதலாளி மீது அந்தப் பையனுக்கு அப்படி ஒரு பாசம் இருந்திருக்கிறது. அதே கஷ்டகாலத்தில்தான் வால்டார்ஃபின் படத்தை ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்துக்கொண்டார், சொந்தமாக மேசை வந்ததும் அதன் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

பிற்பாடு இன்னொரு வழியும் பிடிபட்டது. 1949-ல் போர்ட்டோ ரிக்கோவில் கரீபே ஹில்டன் ஹோட்டலைக் கட்டியது அங்குள்ள அரசு, நடத்தியது இவர், லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. வெளிநாடுகளில் அவர் கிளை பரப்பியது இந்த மாதிரியான ஏற்பாட்டில்தான். 1954-ல் ஸ்டாட்லர் ஹோட்டல்களை 11 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதுவரை அவ்வளவு பெரிய ரியல் எஸ்டேட் வியாபாரம் நடந்ததில்லை என்றே அப்போது பேசப்பட்டது.

கேள்வி: சொத்து பிள்ளைகளுக்குத்தானே போனது?

பதில்: இல்லை. 1979-ல் இறந்தபோது பெரும்பகுதியைத் தன் அறக்கட்டளைக்கே எழுதி வைத்திருந்தார். மகன் பாரன் வழக்குப் போட்டார், 1988-ல் சமரசமானது. அதே பாரன் 2007-ல், தன் சொத்தில் 97 சதவீதம் அதே அறக்கட்டளைக்குப் போகும் என்று அறிவித்தார்.