வயிறு சிறுத்த பிறகு: முதலில் மீன், அப்புறம் சோறு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். பலருக்குக் கையில் கொடுத்த உணவுப் பட்டியலில் ஓட்ஸும் புரோக்கோலியும்தான் இருக்கிறதாம். நம் கரையில் கிடைப்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஸ்லீவ் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். மீன்குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் நாலு வாயிலேயே நெஞ்சை அடைக்கிறது. ஏன்? (பாம்பன் வாசகி)

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பதில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். குழைந்த சோறு அங்கே கட்டிக்கொண்டு நிற்பதால்தான் அடைக்கிறது. அதைவிடப் பெரிய கவலை, இருக்கிற இடத்தைச் சோறே பிடித்துக்கொண்டால் புரதம் எங்கே போகும்? ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். அது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

அதனால் தட்டில் கை முதலில் மீனுக்குப் போகட்டும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. சங்கராவோ விளமீனோ பாறையோ வாங்கி ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு, உதிர்த்து, சின்ன வெங்காயமும் சீரகமும் போட்டுப் புட்டாகக் கிண்டுங்கள். மேலே இரண்டு கரண்டி குழம்பு விட்டு ஈரமாகச் சாப்பிட வேண்டும். வறுத்துக் காய்ந்த துண்டு இறங்காது. பெரிய சுறாவில் பாதரசம் சேரும் என்பதால் புட்டுக்கு அதை அடிக்கடி வாங்காதீர்கள். கணவாய் எவ்வளவு மென்றாலும் மசியாது, இன்னும் சில மாதம் பொறுங்கள். நம் முண்டு மிளகாயையும் இப்போதைக்குப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடமாவது ஆகட்டும். நடுவில் தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடியுங்கள். போதும் என்று வயிறு சொன்னால் நிறுத்திவிடுங்கள். "இன்னும் ரெண்டு வாய்" என்று பாசத்தோடு வைப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சீனியை நிறுத்திவிட்டேன், கருப்பட்டிக் காப்பிதான். ஆனாலும் குடித்த கொஞ்ச நேரத்தில் வியர்த்து, படபடவென்று வருகிறது. இரைப்பை பைபாஸ் செய்தவன். (சாயல்குடி)

கருப்பட்டியும் சர்க்கரைதான் தம்பி. நம் பனங்காட்டுச் சரக்கு என்பதால் உடம்பு அதை வேறாகப் பார்ப்பதில்லை. இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பதுதான் இந்த பைபாஸ், அதனால் இனிப்பு நேராகச் சிறுகுடலில் போய் விழும். அங்கே தண்ணீரை உள்ளே இழுக்கும். வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால்தான். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மயக்கம் வந்தால், இன்சுலின் அதிகமாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பதநீர், கீழக்கரைத் தொதல் இனிப்பு இரண்டுக்கும் இதே பதில்தான்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. (தொண்டி)

மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் வரை பலருக்குக் கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். புரதத்தையும் இரும்புச்சத்தையும் கவனியுங்கள். எண்ணெயை மாற்றிப் பயனில்லை.

இது எனக்கு முதல் ரமலான், ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். நோன்பு வைக்கலாமா? (கீழக்கரை வாசகி)

உங்கள் ஆசை புரிகிறது, இருந்தாலும் இந்த வருடம் வேண்டாம் அம்மா. ஒன்றரை லிட்டர் தண்ணீரை உங்கள் வயிறு பகல் முழுக்கச் சிறுகச் சிறுகத்தான் வாங்கும். அதை இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவில் அடைக்க முடியாது. நோயாளிக்கு மார்க்கமே விலக்கு தந்திருக்கிறது, உங்கள் ஊர் ஆலிமிடம் பேசிப் பாருங்கள். ஒரு வருடமாவது கழித்து, ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சரி என்றால் வையுங்கள். அப்போதும் பேரீச்சம்பழத்தில் பாதி, நோன்புக் கஞ்சியில் அரைக் கிண்ணம், உடனே முட்டையோ மீனோ. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. பி12 உட்பட இந்த மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டியவை. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று விட்டுவிடாதீர்கள்.

பைபாஸ் முடிந்து ஒரு வருடம். கடலுக்குப் போகிறேன். வலை இழுத்து உடம்பு வலித்தால் கடை மாத்திரை போடலாமா? (மண்டபம்)

டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபன் இரண்டையும் தொடாதீர்கள். இரைப்பையைக் குடலோடு இணைத்துத் தைத்த இடத்தில் புண்ணாகும், ரத்தம் கசியும், ஓட்டைகூட விழலாம். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. புகையும் அதே புண்ணைத்தான் கொண்டுவரும். படகில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் பற்றவில்லை என்று அர்த்தம். வாந்தி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் தொழிலுக்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்தால் தையமின் என்ற பி1 சத்து வேகமாகக் குறைந்து நரம்பைப் பாதிக்கும். "எனக்கு இரைப்பை பைபாஸ் ஆகியிருக்கிறது" என்பதைப் போனதுமே சொல்லிவிடுங்கள்.