புகார் சொன்னவரின் பெயர்

அன்புள்ள ஐயா,

புகைப்பட ஆர்வலர்களுக்காக ஒரு டெலிகிராம் குழு நடத்துகிறேன். 2000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. மூத்த உறுப்பினர் ஒருவர் தன் படங்களுக்குத் தொடர்ந்து ஆபாசமாகப் பதில் போடுவதாக ஒரு பெண் எனக்குத் தனியாகப் புகார் அனுப்பினார். எதையும் மறைக்கக் கூடாது என்று அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டு, அவரிடம் விளக்கம் கேட்டேன். பெரிய சண்டையாகிவிட்டது. இப்போது அவதூறு வழக்குப் போடுவேன் என்கிறார் அந்த மூத்த உறுப்பினர். உறுப்பினர்கள் எழுதுவதற்கு அட்மின் சட்டப்படி பொறுப்பா? எங்கள் விதிகளையும் இணைத்திருக்கிறேன். பிரசுரித்தால் என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1991இல் கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை நிறுவனம், மற்றவர்கள் போடுவதை முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்பதால் ஒரு அவதூறு வழக்கில் தப்பித்தது. 1995இல் அதே போன்ற ப்ராடிஜி நிறுவனம், மோசமானதை நீக்கி வந்தது என்பதாலேயே மாட்டிக்கொண்டது. பெருக்கியவனுக்குத் தண்டனை, குப்பையோடு விட்டவனுக்கு விடுதலை! இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் 1996இல் அங்கே சட்டத்தில் 230ஆம் பிரிவு வந்தது; மோசமானதை நீக்கினாலும், மற்றவர்கள் எழுதியதற்குத் தளத்தை நடத்துபவர் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். இந்தியாவில், அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, வாட்ஸப் குழுவில் வேறொருவர் போட்டதற்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது.

ஆனால் இதெல்லாம் மற்றவர்கள் எழுதியதைப் பற்றியது. ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டது நீங்கள். ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இனி நான் சொல்ல நினைப்பது. உங்கள் பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஏன், எதற்கு என்று கேட்கவும் இல்லை. அந்தப் பெண்ணும் உங்களிடம் இதைத்தானே எதிர்பார்த்திருப்பார்? 2000 பேர் இருக்கும் இடத்தில் சொல்லாமல் உங்களிடம் மட்டும் தனியாகச் சொன்னதற்கு வேறென்ன பொருள்? நீங்கள் நல்லவர், கடிதத்தில் தெரிகிறது. கெட்ட எண்ணமில்லாமல் செய்ததால் அவருக்கு நேர்ந்தது குறைந்துவிடாது.

வெளிப்படை என்கிறீர்கள். விதி வெளிப்படையாக இருக்கட்டும், முடிவும் அதன் காரணமும் வெளிப்படையாக இருக்கட்டும். புகார் சொன்னவரின் பெயர் அந்தக் கணக்கில் வராது. எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்பது நியாயம்தான், அதற்குப் பெயர் எதற்கு? 'இந்தத் தேதியில் நீங்கள் போட்ட இந்தப் பதில் விதிக்கு எதிரானது, என்ன சொல்கிறீர்கள்?' என்று தனியாகக் கேட்டால் முடிந்தது. ஆபாசமான பதில்கள் எல்லோர் கண்ணிலும் படும்படிதானே இருந்தன? யார் வேண்டுமானாலும் புகார் சொல்லியிருக்கலாம். தனிச்செய்தியில் வந்த தொல்லை என்றால்தான் சிக்கல். கேட்டவுடனே யார் சொன்னது என்று தெரிந்துவிடும். அப்போது புகார் சொன்னவரிடம் முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வழியில் போகாதீர்கள், வேறு வழி தேடுங்கள்.

பல வருடங்களுக்கு முன் நான் வெறும் உறுப்பினராக இருந்த ஒரு குழுவில் இதுவே நடந்தது. பெயர் வெளியே வந்ததும், புகார் சொன்னவரின் பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி எடுத்துக் கிண்டல் செய்தார்கள். கொஞ்ச நாள் பதில் சொல்லிப் பார்த்தார், அப்புறம் போய்விட்டார். அதன் பிறகு அட்மினுக்குப் புகார் வருவது நின்றுபோனது. 'நம் குழுவில் பிரச்சினையே இல்லை' என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். தொந்தரவு செய்தவர்கள் அங்கேயே இருந்தார்கள், தைரியம் கூடிப்போய். தொந்தரவுக்கு ஆளானவர்கள் ஆளுக்கொரு நாளாக நழுவினார்கள். அட்மின் கண்ணில் பட்டதெல்லாம் உறுப்பினர் எண்ணிக்கைதான், அது ஏறிக்கொண்டே இருந்தது.

சம்பளம் இல்லை என்ற வருத்தம் புரிகிறது. அதற்கு இங்கே பதில் சொல்லப் போவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. அந்த ஆபாசப் பதில்களை அழிப்பதற்கு முன் தேதியோடு நகல் எடுத்து வையுங்கள், அந்தப் பெண் போலீசுக்குப் போக நினைத்தால் தேவைப்படும். அப்புறம் குழுவில் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டை நீக்கிவிடுங்கள். அந்த மூத்தவரிடம் சமரசம் பேசுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள். உங்கள் சூழ்நிலையை விளக்கி நீளமாக எழுத வேண்டாம். செய்தது தவறு என்று சொல்லி, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். பதில் வராமலும் போகலாம்.

விதிகளைப் படித்தேன். படத்தின் அளவைப் பற்றியே பாதி விதிகள். புகார் கொடுப்பது எப்படி என்று ஒரு வரிகூட இல்லை.