மூக்கில் இரத்தம் வடிந்து இறந்த பசு

உங்கள் பசு இரத்தம் வடிந்து இறந்ததாகவும், யாரோ கிருமியைத் தூவியிருப்பார்களோ என்றும் எழுதிக் கேட்டிருந்தீர்கள். இறந்த பசுவை அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால், மாட்டைத் தொட்டவருக்கும் தொற்றக்கூடிய அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்னும் கிருமிநோய் என்றே முதலில் கொள்ளுங்கள்.

யாரோ கிருமியைத் தூவியிருப்பார்கள் என்ற உங்கள் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. இந்நோய்க் கிருமியின் வித்துகள் (எளிதில் அழியாத உறக்கநிலை வடிவம்) மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து, மழைக்குப் பின் வேரோடு மேயும் புல்லின் வழியே மாட்டுக்குள் செல்கின்றன. 1979இல் சோவியத் நகரான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ராணுவக் கிருமி ஆயுதக் கூடத்திலிருந்து இதே நோயின் கிருமி கசிந்தபோது, காற்று வீசிய திசையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை கால்நடைகள் மடிந்தன; உங்களிடம் இறந்தது ஒரே மாடு.

கால்நடை மருத்துவர் காதுநரம்பில் ஒரு துளி இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கட்டும். அதுவரை நாய்களை அண்டவிடாதீர்கள். பாம்புக்கடியிலும் இப்படி இரத்தம் வடியலாம். ஆனால் பசுவைத் தொட்டவர் கையில் வலியில்லாத கொப்புளம் எழுந்து கருத்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.