இஃப் வாக்கியங்களை வகுப்பில் நடத்துவது எப்படி? – கேள்வி பதில்

ஆங்கிலத்தில் 'இஃப்' வைத்து எழுதும் நிபந்தனை வாக்கியங்களுக்குப் பாடம் தயாரிப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருபவர்கள். பதில்களும் அவர்களை மனத்தில் வைத்தே எழுதியவை.

கேள்வி (பி.எட். மாணவி, திண்டுக்கல்): வணக்கம் டீச்சர். கற்பித்தல் பயிற்சிக்காக ஒன்பதாம் வகுப்புக்கு 45 நிமிடப் பாடம் எடுக்க வேண்டும். ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என நான்கு வகையையும் ஒரே அட்டவணையில் போட்டு, சூத்திரம் சொல்லி, வகைக்கு ஐந்து உதாரணம் தருவதாகப் பாடக்குறிப்பு எழுதியிருக்கிறேன். சரியாக வருமா?

பதில்: வராது அம்மா. அட்டவணை பார்க்க அழகாக இருக்கும், மேற்பார்வைக்கு வருபவரும் தலையாட்டுவார். ஆனால் நான்கையும் ஒரே மூச்சில் கேட்ட பிள்ளை அடுத்த வாரம் 'இஃப் ஐ வில் கோ, ஐ வுட் ஹேவ் சீ' என்று எல்லாவற்றையும் கலந்து ஒரு கூட்டு வைத்துவிடும்.

தமிழ் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று முதலில் பாருங்கள். 'சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் கரையும்', 'நாளை மழை பெய்தால் மைதானம் நனையும்', 'யானைக்குச் சிறகு இருந்தால் பறக்கும்'. மூன்றுக்கும் நம் மொழியில் ஒரே அச்சுதான்: முன்னால் ஓர் 'ஆல்', பின்னால் ஓர் 'உம்'. ஆங்கிலத்தில் முதலாவது எப்போதும் நடப்பது, அதுதான் ஜீரோ: 'இஃப் யூ புட் சுகர் இன் வாட்டர், இட் டிசால்வ்ஸ்'. இரண்டாவது நடக்கக்கூடியது, அது ஃபர்ஸ்ட்: 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, த கிரவுண்ட் வில் கெட் வெட்'. மூன்றாவது வெறும் கற்பனை, அது செகண்ட்: 'இஃப் எலிஃபண்ட்ஸ் ஹேட் விங்ஸ், தே வுட் ஃப்ளை'. தன் மொழியில் பிரித்துப் பழகாத ஒன்றை மூன்றாகப் பிரிக்கச் சொல்லும் இடத்தில்தான் பிள்ளை தடுக்கி விழுகிறது. சூத்திரத்தை எத்தனை முறை ஒப்பிக்க வைத்தாலும் அந்தத் தடுக்கல் போகாது.

அதனால் 45 நிமிடத்துக்கு ஒரே ஓர் எல்லைக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: நடக்கக்கூடியது ஒரு பக்கம், கற்பனை மறுபக்கம். கரும்பலகையில் ஒரு தமிழ் வாக்கியம் மட்டும் எழுதுங்கள்: 'எனக்கு ஐயாயிரம் ரூபாய் கிடைத்தால் சைக்கிள் வாங்குவேன்.' இதை இரண்டு பேர் சொல்வதாக வையுங்கள். ஒருத்திக்குப் பொங்கலுக்குப் பணம் தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்னொருவனுக்கு எந்தப் பக்கமிருந்தும் வரவு கிடையாது. சும்மா ஜன்னலைப் பார்த்தபடி சொல்கிறான். அவள் சொல்வது 'இஃப் ஐ கெட் ஃபைவ் தவுசண்ட் ருபீஸ், ஐ வில் பை அ சைக்கிள்'. அவன் சொல்வது 'இஃப் ஐ காட் ஃபைவ் தவுசண்ட் ருபீஸ், ஐ வுட் பை அ சைக்கிள்'. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, மாறிய சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள்.

அடுத்து, சில தமிழ் வாக்கியங்களை வாசியுங்கள். நடக்கக்கூடியது என்று நினைப்பவர் வலக்கையையும், கற்பனை என்று நினைப்பவர் இடக்கையையும் தூக்கட்டும். 'அம்மா சீக்கிரம் வந்தால்', 'நான் முதலமைச்சராக இருந்தால்' போன்றவற்றில் தகராறு வராது. நடுவில் 'நம் பள்ளி மாவட்டக் கோப்பையை வென்றால்' என்று ஒன்றைப் போடுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும், சத்தம் வரும். அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்காதீர்கள். நம்புகிறவன் 'வின்' என்பான், நம்பாதவன் 'வன்' என்பான். இரண்டும் சரியான ஆங்கிலம். பேசுபவர் எதை நம்புகிறார் என்பதைப் பொறுத்து வினைச்சொல் மாறுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

கடைசிக் கால் மணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவர் எது எந்த வகை என்று சொல்லட்டும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்றும் நடப்பதை அறிவியல் பாடத்தோடு சேர்த்து ஒரு நாள் பார்க்கலாம். கடந்துபோனதைப் பற்றிய தேர்ட் வகைக்குத் தனி வாரம் வேண்டும்.

ஒரு சின்ன ஆதங்கம். கற்பனைக்கு உதாரணம் என்றாலே இலக்கண நூல்கள் லாட்டரிப் பரிசைத்தான் பிடித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் ஆசை என்ன என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியர், விருத்தாசலம்): இப்போதைய கற்பனையைச் சொல்ல ஏன் இறந்தகாலம் என்று ஒரு மாணவன் கேட்கிறான். 'அது விதி' என்றால் அவன் விடுவதாக இல்லை.

பதில்: நல்ல மாணவன். அவனுக்குத் தமிழையே காட்டுங்கள், சார். 'வந்தால்' என்பதைப் பிரித்தால் உள்ளே 'வந்த்' இருக்கிறது. 'பெய்தால்', 'போனால்', 'கேட்டால்' எல்லாவற்றிலும் இறந்தகால அடியின் மேல்தான் 'ஆல்' ஏறியிருக்கிறது. 'நாளை வந்தால்' என்று சொல்லும்போது யாரும் நேற்றை நினைப்பதில்லையே! ஆங்கிலத்திலும் அந்த வடிவம் எப்போதும் கடந்த காலத்தைக் குறிப்பதில்லை. பேசும் விஷயத்தைச் சற்றுத் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். கற்பனையில் நிஜத்திலிருந்து தள்ளி வைக்கிறது. 'குட் யூ ஹெல்ப் மீ?' என்று பணிவாகக் கேட்கும்போது எதிரில் இருப்பவரிடமிருந்து ஓரடி விலகி நிற்கிறது.

இந்த விளக்கத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. தமிழில் எல்லா 'ஆல்'களிலும் இறந்தகாலம் இருக்கிறதே என்று சிலர் 'இஃப் யூ கேம் டுமாரோ, ஐ வில் கிவ் த புக்' என எழுதுவார்கள். 'கேம்' வந்தால் பின்னால் 'வுட்', 'கம்' வந்தால் பின்னால் 'வில்' என்று ஜோடியாகவே வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

கேள்வி (ஆசிரியை, மட்டக்களப்பு): வணக்கம் மிஸ். தரம் 11 பிள்ளைகள் மூன்றாம் வகையை, அதாவது தேர்ட் வகையை, கண்டாலே மிரளுகிறார்கள். 'ஹேட்', 'வுட் ஹேவ்' என்று வினைகள் நீளமாக இருப்பதுதான் காரணமா?

பதில்: நீளம்தான் மிரட்டுகிறது, பொருள் இல்லை. பொருளைப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு நான்கிலும் எளிது இதுவே. 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்று தமிழே இதற்குத் தனி அச்சு வைத்திருக்கிறது. 'இருந்தால்' வரும் இடத்தில் 'ஹேட்', 'இருப்பேன்' வரும் இடத்தில் 'வுட் ஹேவ்'. இவ்வளவு நேராகப் பொருந்தும் இடம் ஆங்கில இலக்கணத்தில் அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

உதாரணத்துக்கு மாற்ற முடியாத, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் வேண்டும். இலங்கையில் 1996 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை விடச் சிறந்தது எது? லாகூரில் டாஸ் வென்ற அர்ஜுன ரணதுங்க முதலில் பந்து வீசத் தீர்மானித்தார். அதுவரை எந்த உலகக் கோப்பை இறுதியிலும் இரண்டாவதாக ஆடிய அணி வென்றதில்லை. 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட் போன பிறகு அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்தார், இலங்கை வென்றது. நடந்ததைத் தமிழில் வரிசையாக எழுதிவிட்டு ஒவ்வொன்றையும் கவிழ்க்கச் சொல்லுங்கள்: 'இஃப் அரவிந்த ஹேட் காட் அவுட் ஏர்லி, ஸ்ரீலங்கா வுட் ஹேவ் லாஸ்ட்.' உடனே ஒரு பிள்ளை, 'இல்லை மிஸ், ரணதுங்க காப்பாற்றியிருப்பார்' என்று எழும். அங்கேதான் 'மைட் ஹேவ்' என்பதை நுழைக்க வேண்டும்: நிச்சயமாகச் சொல்பவருக்கு 'வுட்', சந்தேகம் உள்ளவருக்கு 'மைட்'.

இந்தியாவில் நடத்துபவர்கள் 2019 அரையிறுதியை எடுத்துக்கொள்ளலாம். தோனி 50 ஓட்டங்களில் ரன் அவுட், நியூசிலாந்திடம் இந்தியா 18 ஓட்டங்களில் தோல்வி. 'இஃப் தோனி ஹேட் நாட் பீன் ரன் அவுட்' என்று நீங்கள் தொடங்கினால் போதும், மீதியை வகுப்பு முடிக்கும்.

'அன்று படித்திருந்தால் இன்று வேலையில் இருப்பேன்' என்பதுபோல் நேற்றும் இன்றும் கலந்து வரும் வாக்கியங்களை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள்.

கேள்வி (ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருபவர், திருப்பூர்): என்னிடம் வருபவர்கள் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை செய்யும் பெரியவர்கள். யானைச் சிறகெல்லாம் அவர்களிடம் எடுபடாது. எதைச் சொல்லித் தருவது?

பதில்: பேரம். வெளிநாட்டு பையரோடு பேசுபவருக்கு 'வில்' என்பது வாக்குறுதி, 'வுட்' என்பது பிடிகொடுக்காத பேச்சு. 'இஃப் யூ கன்ஃபர்ம் பை ஃப்ரைடே, வி வில் ஷிப் ஆன் த டென்த்' என்று சொல்லிவிட்டால் பத்தாம் தேதி ஷிப்மெண்ட் போயாக வேண்டும். 'இஃப் யூ இன்க்ரீஸ்ட் த குவாண்டிட்டி, வி குட் லுக் அட் த பிரைஸ்' என்றால் இன்னும் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை, கதவு மட்டும் திறந்திருக்கிறது. இந்த வித்தியாசம் காசு சம்பந்தப்பட்டது என்பதால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒருவர் பையர், ஒருவர் விற்பவர். விலை, எண்ணிக்கை, தேதி மூன்றும் எழுதிய சீட்டை ஆளுக்கொன்று கொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் 'வுட்', 'குட்' மட்டுமே பேசலாம், ஒப்பந்தம் முடியும் நேரத்தில்தான் 'வில்' வரலாம் என்று விதி வையுங்கள்.

காதுக்கும் கொஞ்சம் பயிற்சி கொடுங்கள். 'இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கால்ட் யூ' என்று தொலைபேசியில் கேட்கும்போது முதல் 'ஐட்' என்பது 'ஐ ஹேட்', இரண்டாவது 'ஐ வுட்'. எழுத்தில் மட்டும் படித்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

கேள்வி (தனியார் பள்ளி ஆசிரியை, சேலம்): 'இஃப்' வந்தால் 'வில்' வரக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாணவி 'ஐ டோண்ட் நோ இஃப் ஹி வில் கம்' என்று எழுதினாள், தவறு போட்டேன். அவள் அப்பா சரி என்கிறார்.

பதில்: அப்பா சொல்வது சரி, மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அங்கே நிபந்தனையே இல்லை. 'அவன் வருவானா என்று தெரியவில்லை' என்பதில் தமிழில் 'ஆல்' வருகிறதா பாருங்கள். 'வந்தால்' என்று மொழிபெயர்க்க முடிகிற 'இஃப்'க்கு மட்டும்தான் உங்கள் விதி. அதிலும் 'இஃப் யூ வில் வெயிட் ஹியர்' என்று, தயவுசெய்து காத்திருக்கிறீர்களா என்ற பொருளில் பணிவாகச் சொல்வது உண்டு. பள்ளியில் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. யாராவது எழுதினால் சிவப்பு மையும் வேண்டாம்.

கேள்வி (பத்தாம் வகுப்பு ஆசிரியர், தஞ்சாவூர்): தேர்வில் 'அன்லெஸ்' போட்டு மாற்றி எழுதும் கேள்வியில் பாதிப் பேர் 'அன்லெஸ் யூ டோண்ட் ஒர்க் ஹார்ட்' என்று எழுதுகிறார்கள்.

பதில்: 'அன்லெஸ்' தன் வயிற்றிலேயே ஒரு 'இல்லை'யை வைத்திருக்கிறது. 'உழைக்காவிட்டால்' என்ற ஒரே சொல்லுக்கு நேராக 'அன்லெஸ் யூ ஒர்க்' என்பதை எழுதிக் காட்டுங்கள். 'டோண்ட்' சேர்த்தால் 'உழைக்காமல் இருக்காவிட்டால்' ஆகிவிடும். வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள். நடக்காமல் போன பழைய நிகழ்ச்சிக்கு 'அன்லெஸ்' பொருந்தாது. 'நீங்கள் உதவியிருக்காவிட்டால் தோற்றிருப்பேன்' என்பதற்கு 'இஃப் யூ ஹேட் நாட் ஹெல்ப்ட்' என்றுதான் எழுத வேண்டும்.

கேள்வி (ஒரு தாய், சென்னை): 'இஃப் ஐ வேர் யூ' சரியா, 'இஃப் ஐ வாஸ் யூ' சரியா?

பதில்: மகளுக்கு 'வேர்' என்றே சொல்லிக் கொடுங்கள், தேர்விலும் அதுதான். 'வாஸ்' பேச்சில் கேட்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, கள்ளக்குறிச்சி): என் வகுப்பில் 60 பேர் டீச்சர். எல்லோரையும் எப்படிப் பேசவோ எழுதவோ வைப்பது?

பதில்: பெஞ்சு வரிசைக்கு ஒரு தாள். முதல் பிள்ளை எழுதுகிறது: 'இஃப் ஐ மிஸ் த பஸ், ஐ வில் பி லேட்.' தாள் பின்னால் போகிறது. அடுத்தது: 'இஃப் ஐ ஆம் லேட், த டீச்சர் வில் ஸ்கோல்ட் மீ.' அடுத்தது: 'இஃப் த டீச்சர் ஸ்கோல்ட்ஸ் மீ…' கடைசிப் பெஞ்சு வரும்போது கதை எங்கோ போயிருக்கும், அதை நின்று வாசிக்க வையுங்கள். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். முந்தைய வரியின் 'வில் பி லேட்' அடுத்த வரியில் 'ஆம் லேட்' ஆக மாற வேண்டும், அதுதான் இதில் பயிற்சி. சுற்றி வரும்போது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பாருங்கள். எழுத்துப்பிழை, ஆர்ட்டிக்கிள் எதையும் அன்று திருத்தாதீர்கள்.

கேள்வி (அதே ஆசிரியை): காற்புள்ளி எப்போது?

பதில்: 'இஃப்' பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி, பின்னால் வந்தால் வேண்டாம். தமிழில் நிபந்தனையை முன்னால் சொல்லியே பழகியதால், நம் பிள்ளைகள் 'ஐ வில் ஸ்டே ஹோம் இஃப் இட் ரெயின்ஸ்' என்று தாமாக எழுதுவது அரிது. உதாரணங்களில் பாதியையாவது இப்படித் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டுங்கள்.