பழைய கார்ல டோ பார் கழட்டின தடம் இருந்தா

நீங்க வாங்கப் பாக்குற காரோட ஓனர் டிரெய்லரே இழுத்ததில்லன்னு சொல்றாரு, ஆனா பின் பம்பருக்கு அடியில போல்ட் ஓட்டை இருக்கு, டோ பார் (டிரெய்லர மாட்டி இழுக்க கார் பின்னாடி வைக்கிற கம்பி) இருந்திருக்குமான்னு கேட்டிருக்கீங்க. டார்ச் அடிச்சு பாருங்க, ஓட்டைய சுத்தி பெயின்ட் தேஞ்சு, டெயில் லேம்ப் வயர்ல வெட்டி டேப் சுத்தின ஜாயின்ட்டும் இருந்தா அனேகமா டோ பார் மாட்டி கழட்டியிருக்காங்க. அதனாலயே வண்டி கெட்டதுன்னு இல்ல, சிலர் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டவும் வைப்பாங்க. ஆனா கனமான டிரெய்லர் இழுத்திருந்தா எனக்கு பயமே கியர்பாக்ஸ், கிளட்ச் மேலதான். ஆட்டோமேட்டிக்னா ஆயில் கருத்து தீஞ்ச வாடை அடிச்சா விட்டுடுங்க, சூட்டுல உள்ள கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கும், புது ஆயில் ஊத்தினாலும் அது திரும்ப வராது. மேனுவல்னா மேட்டுல பெரிய கியர்ல ஆக்சிலரேட்டர மிதிச்சு பாருங்க, ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) மட்டும் எகிறி வண்டி வேகம் ஏறலன்னா கிளட்ச் காலி. பின்பக்கம் தாழ்ந்து நிக்குதான்னும் பாத்துடுங்க. மெக்கானிக்கிட்ட காட்ட விடமாட்டேன்னா அந்த வண்டி வேணாங்க.