போன் ஒட்டுக்கேட்பும் தேசப் பாதுகாப்பும்: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஒட்டுக்கேட்பு, போன் பறிமுதல், இணைய முடக்கம் தொடர்பான ரிட் மனுக்கள்தான் என் அன்றாட வேலை. இந்த வார இறுதியில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள்: வழக்கு எண், போன் எண், எதிர்த்தரப்பின் பெயர் எதையும் இங்கே போடாதீர்கள். பொதுவில் போட்ட பிறகு அழித்துப் பயனில்லை.

செந்தில், ஈரோடு: மேடம், அரசாங்கம் நினைத்தால் யார் போனை வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாமா?

சட்டப்படி முடியாது. நூறு வருடத்துக்கு மேலாக இதற்கு அடிப்படையாக இருந்தது 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு. இப்போது அந்த இடத்தில் இருப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவு. இரண்டிலும் தாண்ட வேண்டிய படிகள் இரண்டு. முதலில், பொது அவசரநிலை இருக்க வேண்டும், அல்லது பொதுமக்களின் பாதுகாப்புக்குத் தேவைப்பட வேண்டும். அதற்கப்புறம்தான் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுப்பது என்ற காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். முதல் படியில் கால் வைக்காமல் இரண்டாவது படிக்குப் போக முடியாது.

1991-ல் அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றி சி.பி.ஐ. தயாரித்த அறிக்கை ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. அதை வைத்து பி.யு.சி.எல். என்ற குடியுரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. வீட்டிலோ அலுவலகத்திலோ போனில் பேசுவது அந்தரங்க உரிமைக்குள் வரும். உள்துறைச் செயலர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அது இரண்டு மாதம் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மறுஆய்வுக் குழு ஒவ்வொரு உத்தரவையும் பார்க்க வேண்டும். இவைதான் 2007-ல் தந்தி விதிகளில் 419ஏ விதியாகவும், 2024 டிசம்பரில் புதிய விதிகளாகவும் வந்தன.

ஏட்டில் எல்லாம் சரி. நடைமுறையைப் பாருங்கள். 2018-ல் தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் ஒரு தகவல் உரிமைச் சட்டப் பதிலை எடுத்துக் காட்டியது. அதன்படி மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போட்டுவந்தது. அதாவது நாளுக்கு 250 முதல் 300 வரை. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டும். ஓர் உத்தரவுக்கு ஐந்தே நிமிடம் என்று வைத்தாலும் 15,000-க்கு 1,250 மணி நேரம் ஆகும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார்? அமைச்சரவைச் செயலர், சட்டத் துறைச் செயலர், தொலைத்தொடர்புத் துறைச் செயலர். மாநிலத்தில் தலைமைச் செயலரும் இரண்டு செயலர்களும். உத்தரவு போடுவதும் அரசு, அதைச் சரிபார்ப்பதும் அரசு. நீதிபதி ஒருவர்கூட இந்தப் பாதையில் எங்கும் வருவதில்லை. என் ஆட்சேபம் முழுக்க இந்த இடத்தில்தான்.

கவிதா, சேலம்: *#21# அடித்தால் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று தெரியுமாமே?

தெரியாது. உங்களுக்கு வரும் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் அது காட்டும். சட்டப்படியான ஒட்டுக்கேட்பு போன் நிறுவனத்தின் பக்கத்தில் நடக்கிறது, உங்கள் கைபேசியில் அடையாளமே இருக்காது.

பிரகாஷ், திருப்பூர்: லஞ்சம் வாங்கும் அதிகாரியைப் பிடிக்கக்கூட ஒட்டுக்கேட்கக் கூடாதா? அப்படி ஒரு தீர்ப்பு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புதான். 2025 ஜூலை 2, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் தரப் பேசியதாகச் சொல்லப்பட்ட வழக்கு. 2011 ஆகஸ்டில் உள்துறைச் செயலர் ஒரு கல்வி நிறுவன நிர்வாகியின் போனை ஒட்டுக்கேட்க சி.பி.ஐ.க்கு அனுமதி கொடுத்திருந்தார். நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. காரணம், நான் மேலே சொன்ன முதல் படி. ரகசியமாக நடக்கும் ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது அவசரநிலையும் ஆகாது, பொதுமக்கள் பாதுகாப்பும் ஆகாது. ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் மறுஆய்வுக் குழு முன் வைக்கப்படவும் இல்லை. அதனால் அவற்றை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது.

2019-லேயே மும்பை உயர் நீதிமன்றம் இதே வழியில் ஒரு லஞ்ச வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூனில், பெரிய அளவு ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே பாதிப்பதால் பொதுமக்கள் பாதுகாப்புக்குள் வரும் என்றது. நான் நம் நீதிமன்றத்தின் பக்கம். லஞ்சத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காக ஒட்டுக்கேட்க வேண்டும் என்றால் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றட்டும். இருக்கிற சட்டத்தை நீட்டி இழுக்கக் கூடாது.

முருகேசன்: மேடம், என் மனைவி என் பேச்சைப் பதிவு செய்து குடும்ப நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார்…

இது அரசு ஒட்டுக்கேட்பு இல்லை. கணவனோ மனைவியோ ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. குடும்ப நீதிமன்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற காவல் அதிகாரி, கோவை: அம்மா, நீங்கள் நீதிபதி, நீதிபதி என்கிறீர்கள். 1998 பிப்ரவரி 14 அன்று நான் இந்த ஊரில் பணியில் இருந்தேன். 58 உயிர்கள். குண்டு வைப்பவன் நீதிமன்ற நேரம் பார்த்து வைப்பதில்லை. மும்பையில் 2008-ல் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே கராச்சியிலிருந்து வந்த உத்தரவுகளை ஒட்டுக்கேட்டதால்தான் யார் ஆட்டுவித்தார்கள் என்பதை நிரூபிக்க முடிந்தது. மனு போட்டுக் காத்திருந்தால் நடந்திருக்குமா?

ஐயா, அன்றைக்குக் கோவையில் நின்றவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மும்பை உதாரணமும் சரியானது. கசாப் வழக்கில் அந்த உரையாடல் பதிவுகள் உச்ச நீதிமன்றம் வரை சாட்சியமாக நின்றன. அந்த நேரத்தில் ஒட்டுக்கேட்காமல் இருந்திருந்தால் அதுதான் கடமை தவறுதல்.

ஆனால் அவசரத்துக்கு வழி இப்போதும் இருக்கிறது. உள்துறைச் செயலரை அணுக முடியாத நேரத்தில் மூத்த அதிகாரியே உத்தரவிடலாம், ஏழு வேலை நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் நிறுத்த வேண்டும். அந்த உறுதி செய்யும் வேலையை ஒரு நீதிபதியிடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒப்புதல் தர வேண்டும். அவசரம் என்றால் முதலில் கேட்கலாம், மூன்றாவது வேலை நாளுக்குள் ஆணையர் முடிவு சொல்ல வேண்டும். ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுத அமைப்பின் குண்டுகளைப் பார்த்த நாடு அது.

அதே அதிகாரி: பிரிட்டனில் எத்தனை கோடி பேர், இங்கே எத்தனை கோடி பேர்? நீதிமன்றத்தில் தகவல் கசியும். ஒரு பெஞ்ச் கிளார்க் போதும்.

கசிவு பற்றிய பயம் நியாயமானது. அதற்கு மூடிய அறை விசாரணை, தனி அலுவலகம், பொறுக்கி எடுத்த ஊழியர்கள் என்று ஏற்பாடு செய்யலாம். மக்கள்தொகை வாதம் எனக்கு ஏற்பில்லை. உத்தரவுகள் அதிகம் என்றால் பார்க்கும் ஆட்களும் அதிகம் வேண்டும் என்றுதானே பொருள்?

வினோத், சென்னை: அதிகாரி சொல்வதே சரி. அதிகமாகக் கேட்டால் அதிகமாகத் தடுக்கலாம்.

அதைச் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்ற விவரத்தை மொத்தமாக அள்ளியதை 2013 ஜூனில் அவர்களின் உளவு நிறுவனத்துக்கு வேலை பார்த்த ஸ்னோடென் வெளிப்படுத்தினார். அவர்களின் தனியுரிமை மேற்பார்வை வாரியம் ரகசிய ஆவணங்களையும் பார்த்து 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அந்த போன் பதிவுத் திட்டத்தால் ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவு மாறியதாக ஒரு நிகழ்வுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2015-ல் அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தச் சட்டம் போட்டார்கள். மும்பையில் கேட்டது குறிப்பிட்ட ஆட்கள் பேசிய குறிப்பிட்ட எண்களை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

அதே அதிகாரி: அதை ஒப்புக்கொள்கிறேன். மொத்தமாக அள்ளுவதில் எனக்கும் நம்பிக்கை இல்லை, படித்து முடிக்க ஆள் இருக்காது. ஆனால் குறிப்பிட்ட எண்ணுக்கு நீதிபதி தேவையில்லை என்பதில் மாற்றமில்லை.

சரி ஐயா. பாதித் தூரம் வந்துவிட்டோம். மீதியில் நானும் மாறவில்லை.

ரஹீம், நெல்லை: தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் பயம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இதுவரை யார் யார் போன்கள் ஒட்டுக்கேட்பில் மாட்டின என்று கேளுங்கள். 1988-ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியது அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதாக எழுந்த புகாரில். 1991 சி.பி.ஐ. அறிக்கையின் பொருளும் அரசியல்வாதிகளின் போன்கள்தான். ஊழலை எழுதும் நிருபருக்குத் தகவல் தரும் குமாஸ்தா தப்பு செய்யவில்லை. அவர் பெயர் தெரிந்தால் வேலை போகும்.

ஜெயா, தூத்துக்குடி: இணையத்தை வெட்டுவதும் இதில் சேருமா? 2018-ல் எங்களுக்கு நடந்தது.

கட்டாயம் சேரும். மே 22-லும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று குடும்பங்கள் தேடிய நாட்கள் அவை. அப்போது உத்தரவைப் பார்ப்பதே குதிரைக் கொம்பு. 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையறை இல்லாமல் முடக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இனி உங்கள் ஊரில் நடந்தால் முதல் நாளே உத்தரவின் நகலைக் கேட்டு எழுதுங்கள். நகல் கையில் இல்லாமல் வழக்கு பலவீனமாகும்.

கார்த்திக்: *#21# அடித்தேன், ஏதோ எண் வருகிறது…

மேலே கவிதாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அனிதா, மதுரை: போலீஸ் சாலையில் நிறுத்தி போனைத் திறந்து காட்டச் சொன்னால்?

ஏன், எந்த வழக்கில் என்று கேளுங்கள். பறிமுதல் செய்வதென்றால் மகஜர், அதாவது பறிமுதல் குறிப்பு, எழுத வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி வீடியோ எடுக்க வேண்டும். மகஜரில் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (கைபேசியின் அடையாள எண்), முடிந்தால் ஹேஷ் மதிப்பும் (உள்ளே உள்ள தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) இருக்கச் சொல்லுங்கள். போன் கை மாறிய பிறகு உள்ளே எதுவும் சேர்க்கப்படவில்லை என்று காட்ட அந்த ஹேஷ் மதிப்புதான் உதவும். அங்கேயே சண்டை போடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

தினேஷ், திருச்சி: வாட்ஸ்அப்பில் வதந்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தால் நல்லதுதானே?

இந்த விவாதத்தின் ஒரு வேர் நம் உயர் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. 2019-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் பேராசிரியர் காமகோடி, முதலில் அனுப்பியவரின் விவரத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்று யோசனை கொடுத்தார். ஐ.ஐ.டி. பம்பாயின் மனோஜ் பிரபாகரன், அந்த விவரத்தைப் போலியாக மாற்ற முடியும் என்று மறுத்தார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் முதலில் அனுப்பியவரைக் காட்டும் கடமை வந்தது, அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. விவரம் தெரிந்தவன் பெயரை மாற்றி அனுப்பிவிடுவான், ஃபார்வர்டு செய்த சாதாரண ஆள் மாட்டுவார் என்பதே என் கவலை.

லட்சுமி, கடலூர்: பெகாசஸ் என்ன ஆனது?

போனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் மென்பொருள் பெகாசஸ். அது பற்றி விசாரிக்க 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. தேசப் பாதுகாப்பு என்று சொன்னதாலேயே நீதிமன்றம் ஒதுங்கிவிட முடியாது என்று அந்த உத்தரவு சொன்னது. எனக்கு மிகவும் வேண்டிய வரி அது. 2022 ஆகஸ்டில் வந்த முடிவு: 29 போன்களில் ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. மத்திய அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்றும் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. ஒத்துழைக்காத அரசை எதுவும் செய்ய முடியவில்லை என்பது என் மனதை உறுத்துகிறது.

பெயர் வேண்டாம்: என் எண் இது, ஒட்டுக்கேட்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

எண்ணை உடனே நீக்குங்கள். முதல் பத்தியிலேயே சொன்னேன். என்னால் பார்க்கவும் முடியாது. *#21# பற்றி இனி யார் கேட்டாலும் பதில் கிடையாது.

சுந்தர், விழுப்புரம்: தகவல் உரிமைச் சட்டத்தில் என் போனை ஒட்டுக்கேட்டார்களா என்று கேட்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது. பாதுகாப்பு என்று 8(1)(அ) பிரிவைக் காட்டுவார்கள். உளவு அமைப்புகளான ஐ.பி., ரா, அதோடு சி.பி.ஐ. எல்லாம் 24-ஆம் பிரிவு விலக்குக்குள் இருக்கின்றன. அமெரிக்காவில் குற்ற வழக்குக்காக ஒட்டுக்கேட்டால், முடிந்து 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், நீதிபதி தள்ளிவைத்தால் தவிர. இங்கே அப்படி ஒரு கடமையே கிடையாது.

உங்கள் எண்ணைக் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். மாநில உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்றே கேள்விகள்: குறிப்பிட்ட ஆண்டில் எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள், மறுஆய்வுக் குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது, எத்தனை உத்தரவுகளை ரத்து செய்தது. பெயர், வழக்கு எதுவும் கேட்க வேண்டாம். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் மறுத்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், ரிட் மனுவில் அதை இணைக்க வேண்டியிருக்கும்.