மேலும், எனவே, ஆகையால்

அன்புள்ள அக்கா,

என் கட்டுரை கோர்வையாக இல்லை என்கிறார் ஆசிரியர். இணைப்புச் சொற்கள் இல்லாமல் நான் வாக்கியமே தொடங்குவதில்லை. ஒரு பத்தி இதோ:

“மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. மேலும், அதன் முழு நீர்மட்டம் 120 அடி. எனவே, ஜூன் 12-இல் அணையைத் திறப்பது வழக்கம். ஆகையால், டெல்டாவில் குறுவை முக்கியமான சாகுபடி. இருப்பினும், சில ஆண்டுகளில் திறப்பு தாமதமாகிறது.”

எங்கே தவறு?

அன்புள்ள தம்பி,

தகவல்கள் சரி. ஆனால் அந்த ‘எனவே’யைப் பாருங்கள். 120 அடி என்பதற்கும் ஜூன் 12-க்கும் என்ன சம்பந்தம்? அடுத்து வரும் ‘ஆகையால்’ இன்னும் மோசம், காரணத்தைத் தலைகீழாக்கிவிட்டது. அணையைத் திறப்பதால் குறுவை முக்கியமாகவில்லை, குறுவைக்காகத்தான் அந்தத் தேதியே.

எல்லாவற்றையும் அடித்துவிட்டு, எது எதனால் நடக்கிறது என்று மட்டும் யோசித்து எழுதினால் இப்படி வரும்:

“குறுவை குறுகிய காலப் பயிர். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் அறுத்தாக வேண்டும் என்பதால் ஜூனிலேயே தண்ணீர் தேவை. அந்தத் தண்ணீருக்காகத்தான் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கிறார்கள். ஆனால் அணையில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகிறது, குறுவைப் பரப்பும் சுருங்குகிறது.”

தனியாக நிற்கும் இணைப்புச் சொல் ஒரே ஒரு ‘ஆனால்’தான், பேச்சு திரும்பும் இடத்தில் அது வேண்டும். மற்ற வேலையை ‘என்பதால்’, ‘அந்த’, ‘தான்’, ‘உம்’ இவையே சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. தமிழில் பாதி இணைப்பு சொல்லின் வாலிலேயே இருக்கிறது, நாம்தான் பரீட்சைக் கட்டுரைப் பழக்கத்தில் தலையில் ஒரு ‘மேலும்’ வைத்துக்கொண்டு திரிகிறோம். ‘தண்ணீர் தேவை’ என்று முடிந்ததும் ‘அந்தத் தண்ணீருக்காக’ என்று அடுத்தது தொடங்குகிறதே, அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதலில் வருமே, கிட்டத்தட்ட அதே உத்தி. உரைநடையில் அதே சொல்லாக இருக்க வேண்டியதில்லை, அதே விஷயமாக இருந்தால் போதும்.

1934-உம் 120 அடியும் எங்கே போயின என்று கேட்பீர்கள். இந்தப் பத்தியில் அவற்றுக்கு வேலை இல்லை, அதனால் எடுத்துவிட்டேன். ‘மேலும்’ என்று போடக் கை போனாலே எனக்குச் சந்தேகம் வரும், ஒட்டாத ஒன்றைத்தான் ஒட்டப் பார்க்கிறோமோ என்று. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம், ‘இருப்பினும்’ எனக்குக் கொஞ்சம் விறைப்பாகப் படுகிறது. ‘ஆனாலும்’ போதாதா?